செம்மண் காணியில் இருபது சதுரம்

வெள்ளவத்தையில் எனக்கு எடுத்துக் கொடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்தேன். தெரிந்தது. இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல், அதற்கு முன்னால் ரயில் தண்டவாளம். சொன்னது சொன்னபடியே இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. சோதனைக்கு வருகிறவளுக்கு எதற்குக் கடல் தெரிகிற அறை?

என் வேலை அப்படி. தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கங்களில் மறுபடியும் செடி முளைத்திருக்கிறதா, முளைத்தது அந்த மண்ணுக்குரிய செடிதானா என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களில் வெயிலில் குந்தியிருந்து பழகினேன். அங்கே ஒரு பசுமையான சரிவில் செடியொன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வேரோடு வரவில்லை, நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் பையோடு வந்தது. எனக்கு மோர் கொடுத்து உபசரித்தவர்களே முந்தின நாள் புதைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து யார் மோர் கொடுத்தாலும் குடிப்பேன், குடித்துவிட்டு எல்லாச் செடியையும் இழுத்துப் பார்ப்பேன்.

கொழும்புக்கு வந்ததும் அதே வேலைக்குத்தான். நகரத்துக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டி, செம்புரைக்கல் வெட்டி எடுத்த ஒரு பழைய குழி. இங்கே அந்தக் கல்லைக் கபுக் என்கிறார்கள். காணிக்குச் சொந்தக்காரர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் சேவியர் என்பவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் தொழில். கல் முடிந்ததும் அங்கே கன்டெய்னர் அடுக்கும் யார்ட் போட நினைத்தார். அக்கம்பக்கத்தார் மறுத்தார்கள், விவகாரம் பெரிதாகி ஓர் உடன்பாட்டில் முடிந்தது. ஒரு சிறிய குழு அங்கே நாட்டு மரங்களை நடலாம். மூன்றாம் வருட முடிவில் வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். கயிறு கட்டி அடையாளமிட்ட இருபது சதுரங்களில், நட்டது அல்லாமல் தானாக முளைத்த நாட்டுச் செடிகள் தரையில் சரிபாதியை மூடியிருந்தால் காணி காடாகவே நிற்கும். இல்லையென்றால் சேவியர் புல்டோசரைக் கொண்டுவரலாம்.

அந்த வெளியாள் நான்.

நட்ட குழுவின் தலைவி சுகந்தி அக்கா. எனக்கு அறை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் குடியிருப்பவர், நாற்பதை நெருங்குகிறார், நடையே அரை ஓட்டம். முதல் நாள் மாலை காலி வீதியில் ஒரு சைவக் கடைக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் மரக்கறி ரோல்ஸும் மேசைக்கு வந்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“எடுங்கோ பிள்ளை, ஏன் அதைப் பொலிஸ்காரர் மாதிரிப் பார்க்கிறியள்?”

“நாம ஆர்டரே பண்ணலையே அக்கா?”

“இஞ்ச அப்பிடித்தான். வேண்டியதைச் சாப்பிட்டிட்டு மிச்சத்தை விட்டால் திருப்பிக் கொண்டு போவினம். தின்றதுக்குத்தான் பில்.”

எங்கள் ஊரில் இப்படி ஒரு தட்டை வைத்தால் எட்டு வடை போய் எட்டும் கணக்கில் வராது. இங்கே பரிமாறியவர் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. நம்பிக்கையா, அல்லது எங்காவது கேமரா இருக்கிறதா என்று மேலே பார்த்தேன். கேமரா இருந்தது. கொஞ்சம் நிம்மதியாக ஒரு ரோல் எடுத்தேன்.

இடியப்பமும் சொதியும் வந்தன. சொதியில் ஊறிய இடியப்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் அப்போதுதான் சுகந்தி அக்கா அதைக் கேட்டார்.

“பிள்ளை, அந்தச் சதுரங்களை மாத்தேலாதோ?”

“எதுக்கு?”

“அதுகள் சரியில்லை. சுத்திவர எல்லா இடமும் வடிவா வந்திருக்கு. அதுகள் மட்டும் ஏனோ வருகுதில்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டு எண்ணினால் என்ன?”

சதுரம் நிலையானது, அதுதான் அதன் பயனே. நல்லா இருக்கிற இடத்துக்கு நகர்த்தலாமா என்று கேட்பவர்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அவர்களுடைய செடிகள்தான் பிளாஸ்டிக் பையோடு வரும். சிரித்து மழுப்பினேன். அறைக்குத் திரும்பும்போது கடல் தெரிகிற ஜன்னலுக்குக் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ். சுகந்தி அக்கா முன்னாலேயே காணிக்குப் போய்விட்டார், எனக்கு வழி சொல்லியிருந்தார். கோட்டைப் பக்கம் பஸ் நிலையத்தில் ஒருவர் “ஹைவே, ஹைவே” என்று கத்திக்கொண்டே என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். ஏறினேன். குளிர்சாதன வண்டி, நல்ல இருக்கை. களனி ஆறு போயிற்று, பேலியகொடை மீன் சந்தையின் வாடை மூடிய ஜன்னலையும் மீறி வந்து போயிற்று. பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. எங்கேயும் என்றால் எங்கேயுமே. இருபுறமும் வேலி, நடுவில் வழவழவென்று சாலை. நடத்துனரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவர் பின்னால் கை காட்டினார்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி தன் தோழியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தோழி எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: “நேற்றுத்தான் இறங்கிய பிள்ளை போல, அதற்குள் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்கிறாள்.” எனக்குப் புரியவில்லை. வண்டி நின்றபோது புரிந்தது. கட்டுநாயக்கா விமான நிலையச் சந்தி.

பழைய நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் எல்லா நிறுத்தத்திலும் நின்று திரும்பி வந்தேன். வழி முழுக்க ஒரே யோசனை: சுகந்தி அக்கா எந்த பஸ் என்று தெளிவாகச் சொல்லவில்லையே, வேண்டுமென்றேவா? காலையில் நான் வந்துவிடக் கூடாதென்றா? நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் வருடத்துக்குப் பெய்கிற மழை ஒரு மதியத்தில் கொட்டியது. காணி வாசலில் மூன்று சக்கர வண்டியிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது, மத்தியானமும் கழிந்திருந்தது.

காவல்காரர் குணபால கதவைத் திறந்தார். அறுபதைக் கடந்த சிங்களவர். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, பட்டன் கழுத்துவரை. செவ்விளநீர் ஒன்றைச் சீவி இரண்டு கையாலும் நீட்டினார். குடித்தேன்.

பிறகு காடு. உண்மையில் அசந்துவிட்டேன். வெட்டிய செங்குத்துச் சுவர்கள் இன்னும் ரத்தச் சிவப்பாக நின்றன, ஆனால் அவற்றின் காலடியில் வட்டக்கண்ணி மரங்கள் தாமரையிலை அகலத்துக்கு இலை விரித்திருந்தன. கீழே உதிர்ந்த இலை மெத்தை. அதைக் கிளறினால் ஊதாப்பூ பூக்கும் போவிட்டியாச் செடியின் கன்றுகள், பெரணி, நான் பெயர் தேட வேண்டிய நாலைந்து சிறு முளைகள். இழுத்துப் பார்த்தேன். எல்லாம் வேரோடு வந்தன.

உள்ளே காத்திருந்த சுகந்தி அக்காவோடு முதல் சதுரத்துக்கு வந்தோம். நாலு இரும்பு முளை, நீலக் கயிறு, நடுவே நட்ட மரம் ஒன்று. அதன் கீழே தரை மொட்டை. இலைச் சருகு இல்லை, முளை இல்லை, பாசிகூட இல்லை. மழையில் நனைந்த சிவப்பு மண் தட்டில் வைத்த அல்வா மாதிரி பளபளத்தது. கயிற்றுக்கு ஒரு சாண் வெளியே காடு தொடங்கியது.

அடுத்த சதுரம், அதற்கடுத்தது, இருபதும் அதே.

“பார்த்தீங்களோ?” என்றார் சுகந்தி அக்கா. “இதுக்குத்தான் மாத்தச் சொன்னனான். மூண்டு வருஷமா என்ர பிள்ளையள் மாதிரி வளர்த்தது. இந்த இருபது கட்டத்தால எல்லாத்தையும் உழுது தள்ளப் போறாங்கள்.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தேன். கயிறு கட்டிய இடத்தில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை என்றால் அது மண்ணின் வேலை அல்ல, யாரோ ஒருவரின் வேலை. களைக்கொல்லி. அடித்தால் யாருக்கு லாபம்? கன்டெய்னர்காரருக்கு. காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே கன்டெய்னர்காரர். சதுரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மண் அள்ளி இரண்டு பைகளில் கட்டிக்கொண்டேன்.

இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். திரும்பும் வழியில் எருமைத்தயிர் விற்கிற மண்சட்டிகள் இரண்டு வாங்கித் தயிரைத் தின்று தீர்த்தேன். கெட்டித் தயிர், மேலே கித்துள் பாணி என்கிற கூந்தற்பனைப் பாகு, அதுவே இரவுச் சாப்பாடு. சட்டிகளைக் கழுவி, ஒன்றில் உள் மண், ஒன்றில் வெளி மண், இரண்டிலும் பாசிப்பயறு ஊன்றி ஜன்னலில் கடலைப் பார்க்க வைத்தேன். மண்ணில் விஷம் இருந்தால் பயறு சொல்லிவிடும். அறை வாடகைக்கு விட்ட அன்ரி எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, சாமிக்கு முளைப்பாலிகையோ?” என்றார். ஆமாம் என்றேன். அவர் யாருக்கு என்ன சொல்வாரோ, யார் கண்டது.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை. சேவியரின் வீடு தேவாலயத்துக்குப் போகும் சாலையில், கீழே அலுவலகம், மேலே குடும்பம். கோயில் மணியும் தேவாலய மணியும் துறைமுகத்துக் கிரேன் சத்தமும் ஒரே ஜன்னல் வழியாக வருகிற வீடு. அவருக்கு அறுபது வயதிருக்கும். பெரிய உடம்பு, சின்னக் குரல். மேசையில் மீன் பட்டிஸ், கேக், இஞ்சிச் சோடா. நான் எதிர்பார்த்ததைவிட ஒரு தட்டு அதிகம்.

“சாப்பிடுங்க மகள். லஞ்சம் இல்ல, பட்டிஸ்.”

நேரடியாகவே கேட்டேன். “அங்கே யாராவது மருந்து அடிச்சாங்களா சார்?”

அவர் சோடாவைக் கீழே வைத்தார். “எனக்கு அந்த யார்ட் வேணும். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஹாபர்ல இடமில்லாம என்ட பெட்டியெல்லாம் றோட்டோரமா நிக்குது. நீங்க ‘ஃபெயில்’ எண்டு எழுதினா நான் அழ மாட்டன். ஆனா மருந்தடிச்சு ஜெயிக்கிற ஆள் நானில்ல. அந்தச் சுகந்தி சொன்னவவா?”

“யாரும் சொல்லலை. நானாத்தான் கேக்கறேன்.”

“அவ என்னை நம்ப மாட்டா. நானும் அவவை நம்ப மாட்டன். அதுதானே உங்களை இந்தியாவில இருந்து கூப்பிட்டது.” பட்டிஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “உங்களையும் ஏன் நம்பணும் எண்டு எனக்கு இன்னும் தெரியல்ல.”

பட்டிஸ் அருமையாக இருந்தது. இரண்டு தின்றேன்.

நான்காம் நாள் விடிந்தபோது இரண்டு சட்டியிலும் பயறு முளைத்திருந்தது. உள் மண்ணிலும் வெளி மண்ணிலும் ஒரே மாதிரி, முதுகை வளைத்துக்கொண்டு, ஆரோக்கியமாக. விஷம் இல்லை. கையில் இருந்த ஒரே வழக்கும் போயிற்று.

அன்று ஓய்வு நாள் என்று சுகந்தி அக்காவிடம் சொல்லியிருந்தேன். சொன்னதை மீறி, யாருக்கும் தெரியாமல், இந்த முறை சரியான பஸ்ஸில் ஏறினேன். ஆள் இல்லாத நேரத்தில் காணியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். முதல் வெயில் மரங்களுக்கு மேலே வந்தபோது பக்கத்து வேலியோரம் குனிந்து உள்ளே நுழைந்தேன்.

சத்தம்தான் முதலில் கேட்டது. சரக், சரக், சரக். பிறந்ததிலிருந்து தினமும் காலையில் கேட்கிற சத்தம்.

குணபால ஒரு சதுரத்துக்குள் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கயிற்றுக்கு வெளியே வைத்திருந்தார். கையில் நீளக் கம்பு கட்டிய ஈர்க்கு விளக்குமாறு. பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் காலடித் தடத்தையும் அழித்துக்கொண்டே கூட்டினார். உதிர்ந்த வட்டக்கண்ணி இலைகள் ஒரு பக்கம் குவிந்தன, அவற்றோடு நேற்று முளைத்த செடிகளும் விதைகளும். ஈர்க்கு போன வழியெல்லாம் மண்ணில் விசிறி விசிறியாகக் கோடு. ஏதோ ஒரு முளை விளக்குமாற்றுக்குத் தப்பியது. குனிந்து இரண்டு விரலால் பிடுங்கினார்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. மலர்ந்து சிரித்து, கூட்டி முடித்த சதுரத்தை உள்ளங்கை விரித்துக் காட்டினார்.

சேவியர் சொல்லித்தான் என்று அந்தக் கணத்தில் முடிவே கட்டிவிட்டேன். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை. சுகந்தி அக்காவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, நான் காணியில இருக்கேன்.”

“ஓய்வு எண்டு சொன்னியள்?”

“சொன்னேன். இவர் சதுரத்தைக் கூட்டிக்கிட்டு இருக்கார். யார் கூட்டச் சொன்னதுன்னு கேளுங்க.”

சிங்களத்தில் நீண்ட பேச்சு நடந்தது. சுகந்தி அக்காவின் குரல் ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு நின்றேபோனது. குணபால மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“பிள்ளை,” என்றார் அக்கா கடைசியில். “இந்தியாவில இருந்து வந்த சேர்தான் சொன்னவராம். கயிறு கட்டின அண்டைக்கு. ‘இந்தக் கட்டங்கள்தான் முக்கியம், வடிவாப் பார்த்துக்கொள்ளுங்கோ’ எண்டு. அண்டைக்குத் துவங்கினவர் ஒரு நாளும் விடேல்லையாம். போயா நாளில பன்சலையில போதிமரத்து மலுவையைக் கூட்டுறது போலத்தான் இதையும் கூட்டுறாராம், செருப்போட உள்ளுக்குப் போறதில்லையாம். நல்லாயிருக்கோ எண்டு உங்களிட்டக் கேக்கச் சொல்றார்.”

போயா பௌர்ணமி நாள், பன்சலை பௌத்த விகாரை. அங்கே போதிமரத்தைச் சுற்றியிருக்கும் மணல் முற்றம்தான் மலுவை. அதைக் கூட்டுவது புண்ணியம். நான் சதுரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு மரம், சுற்றிலும் கயிறு. இதை வேறு என்னவென்றுதான் அவர் நினைப்பார்?

திருச்சிக்கு அழைத்தேன். சதுரம் போட்டது எங்கள் அலுவலகத்து பிரபு சார், என் சீனியர்.

“ஆமா சொன்னேனே. பத்திரமா பாத்துக்குங்கன்னு. கூட வந்த டிரைவர் சிங்களத்துல எடுத்துச் சொன்னாரு. ஏன், கயிறு அறுந்துபோச்சா?”

“இல்ல சார். கயிறு நல்லா இருக்கு.”

சுகந்தி அக்கா அரை மணிக்குள் வந்து சேர்ந்தார், எப்படி என்று கேட்கவில்லை. சதுரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஈர்க்குக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை நான் எத்தினை தரம் பார்த்திருக்கிறன் தெரியுமோ? வெள்ளன வந்த நாளெல்லாம் பார்த்திருக்கிறன். கூட்டின முற்றம். கண்ணில படவேயில்லை. ஆர் வீட்டு வாசலில இது இல்லை?”

எங்கள் ஊரிலும்தான் இது இல்லாத வாசல் இல்லை. கூட்டாத வாசல்தான் கண்ணில் குத்தும். அன்று ஹைவே பஸ்ஸில் ஏறாமல் மழைக்கு முன்பே வந்திருந்தால் நானும் கோடுகளைப் பார்த்திருப்பேன், பார்த்துவிட்டு நல்ல பராமரிப்பு என்று எழுதியிருப்பேன்.

“அக்கா, சதுரங்களை மாத்தணும்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நான் சொல்லேக்க அது கள்ள வேலை. நீங்கள் சொல்லேக்க விஞ்ஞானம்.”



மாற்றுவதற்குச் சேவியர் சம்மதிக்க வேண்டும், உடன்பாடு அப்படி. ஐந்தாம் நாள் அவரே காரில் வந்தார். கதையைக் கேட்டார், குணபாலவைப் பார்த்தார், சுகந்தி அக்காவைப் பார்த்தார்.

“நல்ல கதை. ஆர் கட்டினது?”

“கூட்டினவர் உங்கட ஆள். சம்பளம் நீங்கள் குடுக்கிறது,” என்றார் அக்கா. “விளக்குமாறு வாங்கிக் குடுத்தது ஆரெண்டு நான் கேக்கட்டோ?”

“என்ட ஆளுக்கு நீங்க சொல்லிக் குடுக்க ஏலாதா? மூணு வருஷமா டீ ஊத்திக் குடுக்கிறது நீங்கதானே.”

குணபால இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நான் வரைபடத்தை விரித்தேன். காணியைக் குறுக்கே பத்து, நெடுக்கே பத்து எனக் கோடு போட்டு நூறு கட்டமாக்கியிருந்தேன். கண்ணை மூடி எடுத்தமாதிரி இருபதைத் தேர்ந்தெடுத்து அங்கே அளப்போம், ஃபோன் எண்களைக் கொடுக்கும் என்றேன்.

“ஃபோன் உங்கடது,” என்றார் சேவியர். “அதுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றேன். “அவர் பாறையாப் பார்த்துத் தெரிவார்,” என்றார் அக்கா. சீட்டுக் குலுக்கலாம் என்றேன். யார் எழுதுவது, யார் குலுக்குவது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் இருவரும் என் தோழர்கள் என்று தோன்றியது.

வாசலுக்கு முன்னால் பிரதான சாலை. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையை அதிரவைத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு கன்டெய்னரின் பின்கதவிலும் பெரிய எழுத்தில் எண்.

“அந்த நம்பர்ல கடைசி ரெண்டு,” என்றேன். “முதல் எண் குறுக்கே, அடுத்தது நெடுக்கே.”

சேவியர் சாலையைப் பார்த்தார். முகம் மாறியது. “பெட்டி நம்பர் பொய் சொல்லாது. முப்பது வருஷம் அதை வாசிச்சுத்தான் சீவிச்சது.” அக்காவும் யோசித்தார். “ஹாபருக்குப் போற அவ்வளவு லொறியையும் இவராலயும் வரிசைப்படுத்த ஏலாது,” என்று ஒத்துக்கொண்டார்.

வாசலில் நாலு பேரும் நின்றோம். சேவியர் எண்ணை உரக்க வாசித்தார், அக்கா எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார், நான் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். ஒரு லாரி வந்தபோது அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“அது உங்கட லொறி. செல்லாது.”

“பெட்டி என்டதில்லையே.”

“செல்லாது.”

சேவியர் அந்த எண்ணை விட்டுக்கொடுத்தார். காணியைப் பிடிக்க வந்த பெட்டிகளே அதற்குக் கேள்வித்தாள் போட்டன.

பிறகு அளந்தோம். சேவியர் காற்சட்டையை மடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொரு செடிக்கும் குறுக்கு விசாரணை. “இது நாட்டுச் செடிதானா? பூ எங்கட தோட்டத்தில இருக்கிறது மாதிரி இருக்கே.” பல சமயம் அவர் சந்தேகம் சரியாக இருந்தது, உண்ணிச்செடிப் புதர் ஒன்றை நான் சொல்வதற்கு முன்பே தள்ளுபடி செய்தார். ஓர் எண் நேராகக் காவல் குடிசையில் போய் விழுந்தது. சிமெந்துத் தரை, பூச்சியம். “எழுதுங்க,” என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். “எழுதுங்கோ,” என்றார் அவரும், பல்லைக் கடித்துக்கொண்டு. மத்தியானம் மழை வந்தது, நனைந்துகொண்டே எண்ணினோம். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லும்போது சுகந்தி அக்காவின் உதடு கூடவே கூட்டிக்கொண்டு போனது.

கடைசிக் கட்டம் முடிந்ததும் சேவியர் என் ஃபோனை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து கல்குலேட்டர் எடுத்தார். ஒருமுறை கூட்டினார். திரும்பவும் முதலிலிருந்து கூட்டினார். சரிபாதிக்குச் சற்றே மேலே நின்றது. குடிசையையும் சேர்த்துத்தான்.

மழை இலைகளில் விழுந்துகொண்டிருந்தது. கல்குலேட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

“சரி. இப்ப புல்டோசர் இல்ல,” என்றார். “ஆனா அடுத்த வருஷமும் பார்க்கணும். அதுக்கு இந்த இடங்கள் ஆகாது, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கயிறும் கட்டப்படாது. எங்க எண்டு இவவுக்குத் தெரியக் கூடாது.”

“உங்களுக்கும் தெரியக் கூடாது,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, சேற்றில் அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சேவியர் வேறு பக்கம் பார்த்தார்.

நீலக் கயிறுகளை அன்றே அவிழ்த்தோம். கடையில் வாங்கிய நீள ஆணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் தனியாக உள்ளே போனேன். அடுத்த வருடத்துக்கான புதுச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு ஆணி, தலை தெரியாமல் மண்ணுக்குள், இடத்தை என் ஃபோனில் குறித்துக்கொண்டு. வெளியே சேவியரும் சுகந்தி அக்காவும் காணிக்கு முதுகைக் காட்டி வாசலில் நிற்பதாக ஏற்பாடு. நான் திரும்பி வந்தபோது இருவரும் ஒழுங்காக முதுகைக் காட்டித்தான் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தபடி.

குணபாலவிடம் இனி உள்ளே எங்கேயும் கூட்ட வேண்டாம் என்று அக்கா சொன்னார். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு கேட்டதை அக்கா தமிழில் சொன்னார்: “கூட்டாமல் விட்டால், இஞ்ச பார்க்கிறதுக்கு ஆள் இருக்கெண்டு வாறவைக்கு எப்படித் தெரியும்?”

வாசலிலிருந்து சாலைவரை உள்ள பாதையைக் கூட்டலாம் என்று சேவியர் அனுமதி கொடுத்தார்.

புறப்படும் நாளில் சுகந்தி அக்காவே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். ஒரு பொதி பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் என் கையில் திணித்தார். உள்ளே போகத் திரும்பியபோது முழங்கையைப் பிடித்தார்.

“பிள்ளை, எனக்கு மட்டும் சொல்லலாம்தானே. நான் ஒண்டும் செய்ய மாட்டன். சும்மா பார்த்துக்கொள்ளத்தான்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். சொல்லவில்லை.

பாதுகாப்புச் சோதனைக்குப் பெல்ட்டில் பையை வைத்துக்கொண்டிருந்தபோது சேவியர் அழைத்தார். பயணம் சுகமாக அமைய வேண்டும் என்றார், தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொன்னார். பிறகு குரல் இன்னும் சின்னதாகியது. “இடம் கேட்கல்ல மகள். றோட்டுப் பக்கமா, உள்பக்கமா? அதை மட்டும்.”

“இங்க சிக்னல் சரியில்லை சார்,” என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

விமானத்தில் உட்கார்ந்து ஃபோனை அணைக்கப் போகும்போது திருச்சியிலிருந்து பிரபு சாரின் செய்தி. ‘ஆணி எங்கெங்கன்னு லொக்கேஷன் அனுப்பிடும்மா. ஃபைல்ல போடணும்.’ நியாயமான கேள்வி, அலுவலக நடைமுறையும் அதுதான். அனுப்ப விரல் போனது. இவர் மறுபடியும் பாத்துக்குங்கன்னு யாரிடமாவது சொல்லிவைப்பார் என்று தோன்றியது.

‘நேர்ல வந்து தர்றேன் சார்’ என்று எழுதி அணைத்தேன்.

வந்து மாதங்கள் ஆகின்றன. நேரிலும் தினமும் பார்க்கிறோம். இன்னும் தரவில்லை.